கம்பம் பள்ளத்தாக்கில் கலப்பினப் பசுவும் மலைமாடும்: ஓர் ஒப்பீடு

தேனி மாவட்டத்தில் ஏலமலைக்கும் மேகமலைக்கும் இடையே அமைந்துள்ள கம்பம் பள்ளத்தாக்கில் வளர்க்கப்படும் மாடுகளை இரு பெரும் பிரிவுகளாகக் காணலாம். ஒன்று, வீட்டை ஒட்டிய தொழுவத்தில் கட்டி வைத்து, தீவனம் போட்டுப் பால் கறக்கப்படும் கலப்பினப் பசு. மற்றொன்று, மந்தையாக மலையடிவாரத்திலும் காட்டிலும் மேய்ந்து வளரும் மலைமாடு. முன்னதன் உடலில் வெளிநாட்டு இனத்தின் குருதி பாதியோ அதற்கு மேலோ ஓடுகிறது. பின்னது இந்த மண்ணிலேயே பல தலைமுறைகளாகப் பெருகி வந்தது.

"சீமைப் பசு நல்லதா, நாட்டுப் பசு நல்லதா?" என்ற கேள்வி இப்பகுதியில் அடிக்கடி எழும். பெரும்பாலும் ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் என்ற ஒரே அளவுகோலை வைத்து விடை சொல்லிவிடுகிறார்கள். அந்த அளவுகோல் தவறானது அல்ல, ஆனால் போதாது. கறந்த பாலோடு தின்ற தீவனம், சினை பிடிக்க எடுத்துக்கொண்ட மாதங்கள், தாங்கிய வெயில், வந்த நோய், பிறந்த காளைக்கன்றின் கதி ஆகியவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஒப்பீடு முழுமை பெறும்.

எந்த மாடு எது?

முதலில் பெயர்களைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். தேனி மாவட்டச் சிற்றூர்களில் "ஜெர்சி மாடு" என்று சுட்டப்படும் பசு, பெரும்பாலும் தூய ஜெர்சி அன்று. ஜெர்சி காளையின் விந்து கொண்டு உள்ளூர்ப் பசுவிலோ ஏற்கெனவே கலப்பான பசுவிலோ பெறப்பட்டது. ஜெர்சி இனம் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடைப்பட்ட கடலில் உள்ள ஜெர்சி தீவைச் சேர்ந்தது. பழுப்பு நிறம், சிறிய உடல், குழிந்த நெற்றி, கொழுப்பு மிகுந்த பால் ஆகியவை அதன் அடையாளங்கள். கறுப்பு வெள்ளைத் திட்டுகள் கொண்ட ஹோல்ஸ்டீன் பிரீசியன் நெதர்லாந்து, வட ஜெர்மனிப் பகுதிகளைச் சேர்ந்த பெரிய இனம். பால் அளவில் உலகில் முதலிடம் அதற்குத்தான். கொழுப்பு விகிதத்தில் ஜெர்சிக்குப் பின்னால்தான் நிற்கும். பல ஊர்களில் கலப்பினப் பசுவைப் பொதுவாகச் "சிந்து மாடு" என்றும் சொல்வதுண்டு. உண்மையான சிவப்புச் சிந்தி இனமோ இன்றைய பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தைச் சேர்ந்தது. அதற்கும் ஜெர்சிக்கும் உறவில்லை.

இறக்குமதி என்றதும் கப்பலில் வந்த பசு நினைவுக்கு வரும். கிராமத்துத் தொழுவத்துக்கு வந்தது பசு அன்று, உறைவிந்து. உதகமண்டலத்திலும் தஞ்சை மாவட்டம் ஈச்சங்கோட்டையிலும் உள்ள அரசுப் பண்ணைகளில் அயல்நாட்டு இனக் காளைகள் வளர்க்கப்பட்டன. விந்து, கால் மில்லி கொள்ளும் மெல்லிய குழல்களில் அடைக்கப்பட்டு, மைனஸ் 196 பாகை செல்சியஸ் குளிர்ச்சியுள்ள திரவ நைட்ரசனில் வைத்து ஊர் ஊராகக் கொண்டுசெல்லப்படுகிறது. ஊர்வழக்கில் "சினை ஊசி" எனப்படுவது இதுதான். சமவெளிக்கு ஜெர்சி, நீலகிரி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த மலைப்பகுதிகளுக்கு ஹோல்ஸ்டீன் என்பதே தமிழ்நாட்டின் இனப்பெருக்கக் கொள்கையாக இருந்து வந்துள்ளது. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஜெர்சி வெயிலை ஓரளவு தாங்கும். அதன் கன்றும் சிறியது என்பதால், சிறிய உடல் கொண்ட நாட்டுப் பசு கன்று ஈனும்போது சிக்கல் குறைவு.

மலைமாடு என்பது கம்பம், போடி, வருசநாடு, கடமலைக்குண்டு வட்டாரங்களில் மந்தையாக வளர்க்கப்படும் மாட்டின் ஊர்ப்பெயர். இது புலிக்குளம் இனத்தோடு நெருங்கிய சாயல் உடையது. புலிக்குளம் இனம் சிவகங்கை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றின் பெயரால் வழங்குவது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகத்தில் பதிவு பெற்றது. காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர் ஆகியவையும் அவ்வாறு பதிவு பெற்ற தமிழ்நாட்டு இனங்களே. மலைமாட்டுக்குக் கச்சிதமான உடல், திமில், உறுதியான குளம்பு, கூர்மையான கொம்பு. காட்டில் புலி, செந்நாய் வாழும் இடத்தில் மேய்ந்து மாலையில் பட்டி திரும்பும் மாட்டுக்கு இவை அலங்காரம் அல்ல.

மூன்றாவதாக ஒரு வகை அண்மைக் காலத்தில் சேர்ந்துள்ளது. "நாட்டு மாடு" என்ற பெயரில் சிலர் கிர், சாகிவால் பசுக்களை வாங்கி வளர்க்கிறார்கள். கிர் குசராத்தின் சௌராட்டிரப் பகுதியைச் சேர்ந்தது, சாகிவால் பஞ்சாபைச் சேர்ந்தது. இரண்டும் இந்திய இனங்கள்தாம். ஆனால் தேனியைப் பொறுத்தவரை அவையும் வெளியூர் மாடுகளே.

பால் அளவு

நடுவண் அரசின் கால்நடைப் புள்ளிவிவரங்கள் 2022–23ஆம் ஆண்டுக்குத் தரும் சராசரி இது: அயலினம் மற்றும் கலப்பினப் பசு நாளொன்றுக்கு 8.55 கிலோ பால் தருகிறது. நாட்டினம் மற்றும் இனம் குறிக்கப்படாத பசு 3.44 கிலோ தருகிறது. இந்த நாட்டினச் சராசரியில் கிர், சாகிவால் போன்ற கறவை இனங்களும் அடங்கும். தமிழ்நாட்டு இனங்களை மட்டும் எடுத்தால் அளவு மேலும் குறையும். காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர் பசுக்கள் ஓர் ஈற்றுக்குத் தருவது சராசரியாக 350 முதல் 550 கிலோ அளவுக்குள்தான். புலிக்குளம், மலைமாடு ஆகியவற்றில் பெரும்பாலும் கன்று குடித்ததுபோக மிஞ்சுவது சிறிதளவே. மந்தையில் பலர் கறப்பதே இல்லை.

ஆகவே பால் என்ற ஒரே கேள்விக்கு விடை தெளிவு. கலப்பினப் பசு வெல்கிறது, அதுவும் நெருங்க முடியாத இடைவெளியில். இதை மறைத்து நாட்டு மாட்டின் பெருமை பேசுவது, பால் விற்று வட்டி கட்டும் குடும்பத்துக்குச் செய்யும் உதவியாகாது. மலைமாடு பால் குறைவான "மட்ட மாடு" என்பதும் சரியன்று. அதைப் பாலுக்காக யாரும் தேர்ந்தெடுத்து வளர்த்ததே இல்லை. உழைப்பு, வேகம், எரு, காட்டில் பிழைக்கும் திறன் ஆகியவற்றுக்காக அது பொறுக்கி வளர்க்கப்பட்டது. பாலுக்காகப் பொறுக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்குப் பிரேசில் ஒரு சான்று. இந்தியாவிலிருந்து சென்ற கிர் மாடுகளை அந்நாட்டார் பல தலைமுறைகளாகக் கறவைப் பதிவேடு வைத்துத் தேர்ந்தெடுத்து, இங்குள்ள கிர் மாடுகளைவிட அதிகப் பால் தரும் மந்தைகளை உருவாக்கியுள்ளனர்.

அடுத்து, நாள் கறவைக்கும் ஆண்டு வருமானத்துக்கும் உள்ள வேறுபாடு. ஒரு பசு 12 லிட்டர் கறக்கிறது என்று சந்தையில் சொன்னால், அது கன்று ஈன்ற சில வாரங்களில் எட்டும் உச்ச அளவு. அந்த உச்சம் நீடிக்காது. மேலும், பசு அடுத்த கன்றை எப்போது ஈனும் என்பதைப் பொறுத்தே உண்மையான வருமானம் அமையும். பின்வரும் எடுத்துக்காட்டுக் கணக்கு இதை விளக்கும்.

ஒரு கலப்பினப் பசு 300 நாள் கறக்கிறது, சராசரி நாளொன்றுக்கு 8 லிட்டர் என்று கொள்வோம். மொத்தம் 2,400 லிட்டர். லிட்டருக்கு 38 ரூபாய் கிடைத்தால் வரவு 91,200 ரூபாய். (2023 திசம்பரில் அரசு 3 ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தபோது ஆவின் பசும்பால் கொள்முதலில் எட்டிய விலை இது. கொழுப்பும் கொழுப்பற்ற திடப்பொருளும் குறைந்தால் கைக்கு வருவதும் குறையும்.) அடர்தீவனத்துக்குப் பொதுவான விதி, உடலைப் பேண ஒன்றரைக் கிலோ, அதற்கு மேல் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. எட்டு லிட்டருக்கு 4.7 கிலோ. 300 நாளைக்கு 1,410 கிலோ. பால் வற்றிய நாள்களில் நாளைக்கு 2 கிலோ என்றும், கிலோ 30 ரூபாய் என்றும் கொள்வோம்.

இந்தப் பசு 13 மாதத்துக்கு ஒரு கன்று ஈன்றால், வற்றிய நாள் 95. மொத்த அடர்தீவனம் 1,600 கிலோ, செலவு 48,000 ரூபாய். மிஞ்சுவது 43,200. அதை 395 நாளுக்குப் பகிர்ந்தால் நாளைக்குச் சுமார் 109 ரூபாய். அதே பசு சினை பிடிக்காமல் தள்ளிப்போய் 18 மாதத்துக்கு ஒரு கன்று ஈன்றால், வற்றிய நாள் 247. தீவனச் செலவு 57,120. மிஞ்சுவது 34,080. அதை 547 நாளுக்குப் பகிர்ந்தால் நாளைக்குச் சுமார் 62 ரூபாய். வைக்கோல், பசுந்தீவனம், மருத்துவம், காப்பீடு, கடன் தவணை எதுவும் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை. வீட்டுப் பெண்களின் கூலியும் சேரவில்லை. பால் ஒரு லிட்டர்கூடக் குறையாமலே வருமானம் ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. கலப்பினப் பசு வளர்ப்பில் குடும்பங்கள் நொடிப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். கறவை குறைந்ததால் நொடித்தவர்களைவிடச் சினை தவறியதால் நொடித்தவர்கள் அதிகம் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்வதன் பொருள் இதுவே.

மலைமாட்டுக்கு இந்தக் கணக்கு எழுதினால் வரவுப் பக்கம் பால் ஏறக்குறைய இல்லை. செலவுப் பக்கம் தீவனமும் ஏறக்குறைய இல்லை. மேய்ப்பவர் கூலிதான் பெரிய செலவு.

வெயில், உண்ணி, நோய்

ஐரோப்பிய மாடுகள் போஸ் டாரஸ் வகை. திமில் கொண்ட இந்திய மாடுகள் போஸ் இண்டிகஸ் வகை. இரண்டும் கூடிக் கன்று ஈனும். ஆனால் வெப்பத்தைக் கையாள்வதில் மிகவும் வேறுபடும். கறவையில் உள்ள ஐரோப்பிய இனப் பசுவுக்கு ஏறத்தாழ 25 பாகை செல்சியசுக்கு மேல் உடல் வெப்பத்தைத் தணிப்பது கடினமாகிறது. இந்திய இனங்களுக்கு அந்த எல்லை பல பாகைகள் கூடுதல். தொங்கும் அலைதாடி, மெல்லிய தோல், குட்டை மயிர், திறன் மிக்க வியர்வைச் சுரப்பிகள் ஆகியவை உதவுகின்றன. இவற்றைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. பால் சுரப்பதே வெப்பம் உண்டாக்கும் வேலை. அதிகம் தின்று அதிகம் சுரக்கும் பசு, தனக்குள்ளேயே அடுப்பு மூட்டிக்கொண்டு நிற்கிறது. வெயிலில் அது முதலில் தீவனத்தைக் குறைக்கும், பிறகு பால் குறையும், பிறகு சினைப்பருவ அறிகுறியே தெரியாமல் போகும். மேலே கண்ட 18 மாதக் கணக்குக்கு வழி இப்படித்தான் திறக்கிறது.

கம்பம் பள்ளத்தாக்கு இதில் சற்றுக் கொடுத்துவைத்த இடம். தென்மேற்குப் பருவக் காலத்தில் கணவாய் வழியே பலத்த காற்று வீசுகிறது. முல்லைப் பெரியாற்று நீரால் இருபோக நெல் விளைகிறது. பாசனப் பரப்பாகச் சொல்லப்படும் 14,707 ஏக்கர் என்ற எண் இங்குள்ள உழவர்களுக்கு மனப்பாடம். 1895இல் பெரியாறு அணை முடிந்து தண்ணீர் இப்பக்கம் திரும்பியிராவிட்டால் தொழுவத்தில் கட்டி வளர்க்கும் கறவைப் பசு இங்கே வேரூன்றியிருக்காது. வைக்கோலும் வரப்புப் புல்லும் அந்த நீரின் கொடை. கிணற்றுப் பாசனம் உள்ளவர்கள் கோ-4, கோ-5 கம்பு நேப்பியர்ப் புல் வளர்க்கிறார்கள். ஆனால் நெல் வயல் வாழைக்கும் திராட்சைக்கும் தென்னைக்கும் மாறும் இடங்களில் வைக்கோல் சுருங்குகிறது. இருக்கும் வைக்கோலையும் கட்டுகளாகக் கட்டிக் கேரளத்துக்கு லாரியில் ஏற்றும்போது உள்ளூர் விலை ஏறுகிறது. பள்ளத்தாக்கை விட்டு ஆண்டிபட்டி போன்ற வானம் பார்த்த பகுதிக்குச் சென்றால், அதே பசு அதே கறவையைத் தருவது கடினம்.

நோயில் வேறுபாடு இன்னும் கூர்மையானது. உண்ணி பரப்பும் தைலேரியா, பேபேசியா நோய்கள் கலப்பினப் பசுவைக் கடுமையாகத் தாக்கும். காய்ச்சல், இரத்தச் சோகை, சிலவேளை இறப்பு. நாட்டு மாடு உண்ணியோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகியது. கோமாரி நோய் இருவகை மாட்டுக்கும் வரும். வந்தபின் நாட்டு மாடு பெரும்பாலும் தேறிவிடும். கலப்பினப் பசு பிழைத்தாலும் பழைய கறவைக்குத் திரும்பாமல், வெயிலில் மூச்சு வாங்கிக்கொண்டே நிற்பதைக் காணலாம். மடிநோய் அதிகம் கறக்கும் பசுவின் தனிச் சுமை.

பாதிக் குருதி ஏன் நல்லது?

ஜெர்சியால் பால் கூடுகிறது என்றால், முழு ஜெர்சியாக மாற்றிவிடலாமே என்று தோன்றும். இந்தியாவில் பல பத்தாண்டுகளாக இராணுவப் பால்பண்ணைகளிலும் ஆராய்ச்சி நிலையங்களிலும் கிடைத்த பட்டறிவு வேறு மாதிரி சொல்கிறது. நாட்டுப் பசுவுக்கும் அயலினக் காளைக்கும் பிறக்கும் முதல் தலைமுறைக் கிடேரி பாதிக்குப் பாதி கலந்தது. பாலில் தந்தையின் இனத்தையும், தாங்கும் திறனில் தாயின் இனத்தையும் ஒட்டி, இரண்டின் சராசரியைவிடச் சற்று மேலாகவே நிற்கும். இதைக் கலப்பு வீரியம் என்பர்.

அந்தக் கிடேரிக்கு மீண்டும் தூய ஜெர்சி ஊசி போட்டால் கன்றில் அயலினக் குருதி முக்கால் பங்கு ஆகிவிடும். பால் பெரிதாகக் கூடாது. வெயில் தாங்கும் திறனும் சினை பிடிக்கும் திறனும் குறையும். 62.5 விழுக்காட்டுக்கு மேல் போவது நமது சூழலுக்கு ஏற்றதல்ல என்பது பொதுவாக ஏற்கப்பட்ட எல்லை. எனவே கலப்பினப் பசுவுக்குக் கலப்பினக் காளையின் விந்தையே பயன்படுத்தி அளவைப் பாதியில் நிறுத்துவதுதான் பரிந்துரை. இதிலும் ஒரு குறை உண்டு. முதல் தலைமுறையின் கலப்பு வீரியத்தில் ஒரு பகுதி அடுத்த தலைமுறையில் கரைந்துவிடும். கன்றுகளும் ஒன்றுபோல் இருக்காது. தாய் 12 லிட்டர் கறந்தாள், மகள் 7 லிட்டர்தான் என்ற புலம்பலுக்குத் தீவனம் மட்டுமே காரணமல்ல.

நடைமுறையில் இந்தக் கொள்கை கோட்டை விடுவது பதிவேடு இல்லாமையால். பசுவின் காதில் 12 இலக்க எண் கொண்ட மஞ்சள் வில்லை இருக்கிறது. விந்துக் குழலின்மேல் காளையின் எண் அச்சிடப்பட்டிருக்கிறது. இரண்டையும் ஒரு பழைய நோட்டில் தேதியோடு எழுதிவைக்க ஒரு நிமிடம் போதும். பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டில் அவர்களிடமே இந்த வேலையை ஒப்படைக்கலாம்.

மலைக்கு அப்பால் நடந்தது

போடிமெட்டு ஏறி மூணாற்றைத் தாண்டினால் மாட்டுப்பட்டி வரும். பெயரே மாட்டைக் கட்டும் பட்டியைச் சுட்டுகிறது. 1963இல் சுவிட்சர்லாந்து அரசின் ஒத்துழைப்போடு இந்திய–சுவிசு திட்டம் அங்கே தொடங்கப்பட்டது. பிரவுன் சுவிசு காளைகளைக் கேரளத்தின் இனம் குறிக்கப்படாத பசுக்களோடு கலந்து, பின்னர் ஜெர்சி, ஹோல்ஸ்டீன் குருதியையும் சேர்த்து உருவாக்கப்பட்டதே சுனந்தினி. கேரளத்தின் பால் உற்பத்தி பெருகியதில் அதன் பங்கு பெரிது. இன்று அம்மாநில மாடுகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் கலப்பினமே.

அதே காலத்தில் மறுபக்கமும் நடந்தது. 1961ஆம் ஆண்டின் கேரளக் கால்நடை மேம்பாட்டுச் சட்டத்தின்படி, உரிமம் இல்லாத நாட்டுக் காளைகளுக்குக் காயடிக்கப்பட்டது. உலகின் மிகச் சிறிய மாட்டினங்களில் ஒன்றான வெச்சூர் பசு ஏறத்தாழ மறைந்தே போனது. 1989இல் கேரள வேளாண் பல்கலைக்கழகப் பேராசிரியர் சோசம்மா ஐப்பும் அவருடைய மாணவர்களும் ஊர் ஊராகத் தேடி, எஞ்சியிருந்த சிலவற்றைச் சேர்த்து மண்ணுத்தியில் பெருக்கினர். அவருக்கு 2022இல் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. காளை போனால் இனம் போகும் என்பதைத் தேனிக்கு அடுத்த மாநிலமே காட்டிவிட்டது. தமிழ்நாட்டில் 2019இல் மாட்டின இனப்பெருக்கச் சட்டம் வந்தபோது, பதிவு பெறாத நாட்டுக் காளைகளின் கதி என்னவாகும் என்று மாடு வளர்ப்போர் அஞ்சியதற்கு இந்த வரலாறு பின்னணி.

மலைமாட்டின் விளைச்சல்

மலைமாடு தரும் முதன்மை விளைச்சல் எரு. அறுவடை முடிந்த வயலில் மந்தையை இரவு தங்கவைப்பது கிடை போடுதல் எனப்படும். சாணமும் மூத்திரமும் நேரே மண்ணில் விழும். வண்டிச் செலவு இல்லை. வயல்காரர் கிடைக்குக் கூலி தருவார். பட்டியில் சேரும் எருவுக்கு மலைமேல் உள்ள கேரள ஏலத் தோட்டங்களில் நல்ல கேட்பு உண்டு. பால் கணக்கில் சுழியம் வாங்கிய மாடு, உரக் கணக்கில் வருவாய் ஈட்டுகிறது. இரண்டு மாட்டையும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அடுத்தது காளை. கலப்பினக் காளைக்கன்றுக்குத் திமில் சரியாக அமைவதில்லை. நுகத்தடி நிற்காது, வெயிலில் உழவும் முடியாது. ஆகவே அது பிறந்த நாளிலிருந்தே வேண்டாத பிள்ளை. இதற்கு மாற்றாக வந்துள்ள பாலினம் பிரித்த விந்து, ஏறத்தாழ 90 விழுக்காடு கிடேரிக் கன்று தரும். மலைமாட்டின் காளைக்கன்றுக்கோ வாடிவாசல் இருக்கிறது. உத்தமபாளையம் வட்டத்தில் அய்யம்பட்டியிலும் பல்லவராயன்பட்டியிலும் சல்லிக்கட்டு நடைபெறுகிறது. 2014இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தபின் காளை வளர்ப்போர் ஊக்கம் இழந்ததும், 2017 சனவரிப் போராட்டத்துக்குப் பிறகு மாநிலச் சட்டத் திருத்தத்தால் அது மீண்டதும் அண்மை வரலாறு. உழவுக்கு டிராக்டர் வந்துவிட்ட பிறகு நாட்டுக் காளையைத் தாங்கி நிற்பது பெரும்பாலும் இந்த விளையாட்டுதான்.

கம்பத்தில் நந்தகோபாலன் தம்பிரான் மாட்டுத்தொழு என்ற வழிபாட்டிடம் உள்ளது. அங்கே சிலைக்குப் பதிலாக மாடுகளே வணங்கப்படுகின்றன. மாட்டுப் பொங்கலன்று பட்டத்துக்காளையைக் காணக் கூட்டம் திரளும். அன்று பிறக்கும் கன்றுகளை நேர்ந்துவிடும் வழக்கமும் உண்டு. சமய நம்பிக்கை என்பது ஒருபுறம் இருக்க, மரபு வளம் என்ற கண்ணோட்டத்தில் பார்த்தால் இது விற்பனைக்கு வராத ஒரு நாட்டு மந்தை. எந்த ஆராய்ச்சி நிலையமும் மதிக்கத்தக்க சொத்து.

மலைமாட்டுக்கு இன்று உள்ள நெருக்கடி ஜெர்சியால் வந்ததன்று. மேய்ச்சல் நிலத்தால் வந்தது. மேகமலை 2009இல் வன உயிரினச் சரணாலயமானது. 2021 பிப்ரவரியில் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், மேகமலை தொடர்பான வழக்கில் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. முதலில் மாநிலக் காடுகள் அனைத்துக்கும் பொருந்துவதாக இருந்த ஆணை, பின்னர் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு என்று திருத்தப்பட்டது. தேனி மலைமாடு மேயும் காடுகளில் பெரும்பகுதி அந்த வரம்புக்குள்தான் வருகிறது. வளர்ப்பு மாட்டின் நோய் காட்டு விலங்குக்குப் பரவும், மான் மேயும் புல் குறையும் என்ற வனத்துறையின் கவலை வெறுமையானதல்ல. தலைமுறையாகப் பர்மிட் பெற்று மேய்த்தோம், 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் மேய்ச்சல் உரிமையை ஏற்கிறது என்ற மேய்ப்பர் வாதமும் வெறுமையானதல்ல. ஆனால் ஒன்று உறுதி. மலைமாட்டைத் தொழுவத்தில் கட்டித் தீவனம் போட்டு வளர்க்க முடியாது. அப்படிக் கட்டினால் கால் மாதத்தில் அதன் கணக்கு நட்டக் கணக்காகிவிடும். மேய்ச்சல் நிலம் இல்லையேல் மந்தை சந்தைக்குப் போகும். சந்தையிலிருந்து எங்கே போகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

நாட்டுப்பால் என்ற விலை

நகரங்களில் "ஏ2 பால்" என்ற பெயரில் நாட்டுப் பசும்பாலுக்கு இரு மடங்கு, மும்மடங்கு விலை கேட்கப்படுகிறது. பாலில் உள்ள பீட்டா கேசின் என்ற புரதத்தில் ஏ1, ஏ2 என்னும் இரு வகைகள் உண்டு. திமில் கொண்ட இந்திய இனங்களில் மிகப் பெரும்பாலானவை ஏ2 வகையே. ஜெர்சி, ஹோல்ஸ்டீன் இனங்களில் இரண்டும் கலந்திருக்கும். இதுவரை அறிவியல். ஏ1 பால் நோய் தரும் என்பதற்குக் காரண–விளைவு உறவு நிறுவப்படவில்லை என்று ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2009இல் மதிப்பிட்டது. இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையம் 2024 ஆகஸ்டில் ஏ1, ஏ2 என்று உறையில் அச்சிடுவதை நீக்கச் சொல்லி, சில நாள்களிலேயே அந்த ஆணையைத் திரும்பப் பெற்றது. கலப்பினப் பசும்பாலைக் குழந்தைக்குத் தர அஞ்சத் தேவையில்லை. நாட்டுப்பாலுக்குக் கூடுதல் விலை கிடைப்பதால் ஒரு குடும்பம் நாட்டுப் பசுவை விற்காமல் வைத்துக்கொள்கிறது என்றால் அதுவும் நல்லதே; மருந்து என்று சொல்லி விற்காமல் இருந்தால் போதும்.

பசு வாங்குவோர் கவனத்துக்கு

பள்ளத்தாக்கில் நீரும் புல்லும் பக்கத்தில் பால் சங்கமும் உள்ள குடும்பத்துக்குப் பாதிக் குருதி ஜெர்சிக் கலப்பினம் பொருத்தமானது. 15, 20 லிட்டர் கறக்கும் ஹோல்ஸ்டீன் கலப்பினத்தைச் சந்தையில் கண்டு மயங்குவோர், அதன் கொழுப்பு விகிதத்தையும் கோடைக்காலத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். வாங்கும்போது தொடர்ந்து இரண்டு மூன்று வேளை கறந்து பார்ப்பது பழைய வழக்கம். முதல் வேளைக் கறவையை நம்பக் கூடாது, முந்தைய வேளை கறக்காமல் விட்டிருக்கலாம். இரண்டாம் அல்லது மூன்றாம் ஈற்றுப் பசு சிறந்தது. நான்கு காம்பிலும் பால் ஒரே சீராக வர வேண்டும். கன்று ஈன்ற 60 முதல் 90 நாளுக்குள் மீண்டும் சினை ஊசி போட்டிருக்க வேண்டும். போட்ட 21ஆம் நாள் மாலையும் மறுநாள் காலையும் பசு கத்துகிறதா, கண்ணாடி போன்ற சளி ஒழுகுகிறதா என்று பார்ப்பது, எந்தச் சத்து மாவையும்விட அதிக வருமானம் தரும் வேலை.

மேட்டு நிலத்தில், நீர் குறைந்த இடத்தில் வீட்டுப் பால் தேவைக்கு மட்டும் ஒரு பசு வேண்டுமெனில் நாட்டுப் பசு போதும். அதை வாங்குவோர் நாளுக்கு ஒன்று, இரண்டு லிட்டருக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. அதற்கு ஜெர்சி ஊசி போட்டுக் கலப்பினக் கன்று பெறுவது சட்டப்படி குற்றமல்ல. ஆயினும் நல்ல புலிக்குளம், மலைமாட்டுச் சாயல் உள்ள பசுவானால் அதே இனக் காளையோடு சேர்ப்பதே முறை. மானாமதுரையில் கால்நடை அறிவியல் பல்கலைக்கழகத்தின் புலிக்குளம் மாட்டின ஆராய்ச்சி மையம் உள்ளது. தேனியிலேயே 2020இல் கால்நடை மருத்துவக் கல்லூரியும் தொடங்கப்பட்டுள்ளது. எந்தக் காளை, எந்த ஊசி என்ற ஐயத்துக்கு இவற்றையோ அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தையோ நாடலாம். மாட்டைக் கொண்டுசெல்லாவிட்டாலும், ஈற்றுத் தேதிகள் எழுதிய அந்த நோட்டை மறக்காமல் கொண்டுசெல்ல வேண்டும்.